ஏழாவது குழியில் நான் பார்க்காத பந்து

நம்ம கோல்ஃப் கிளப்புல புரோவா, அதாவது ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறவங்களா, புதுசா சேர்ந்திருக்கிற உங்க நாலு பேருக்கும் முதல்ல ஒரு நல்ல சேதி. உங்களை யாரும் டி.வி.யில காட்டப் போறதில்ல. அதனால கோப்பையைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிற மாதிரி கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறதை இன்னியோட நிறுத்திக்கலாம். டி.வி.யில வர்ற கோல்ஃப் புரோ வேற, நாம வேற. அவரு பந்தை அடிச்சுச் சம்பாதிக்கிறவரு. நாம, அடுத்தவங்க தப்பா அடிக்கிறதைப் பார்த்துச் சம்பாதிக்கிறவங்க.

முப்பத்தெட்டு வருஷம் நான் பார்த்தேன். தி.நகர்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கிற மெம்பர் ஒருத்தர். காலமெல்லாம் புடவையை உதறிக் காட்டின கை அது. ஸ்டிக்கையும் அப்படியே உதறுவாரு. பந்து நின்ன இடத்துல நிக்கும், ஸ்டிக் பறந்து போய் விழும். ஆறு வருஷம் சொல்லிக் கொடுத்து, கடைசியில ஸ்டிக்கை விடாம பிடிச்சுக்கிறதுக்குப் பழக்கினேன். அது என் தொழில்ல பெரிய சாதனைன்னு இன்னிக்கும் நெனைக்கிறேன். சிரிக்காதீங்க. உங்களுக்கும் ஒருத்தர் வருவாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என்னைப் பத்தி கேன்டீன்ல ஒரு கதை சொல்லியிருப்பாங்களே? "நேர்மைத் திலகம்"னு எனக்கு ஒரு பட்டம்கூட உண்டு. ஒரு புத்தம் புது கார் பரிசா போகவேண்டிய நேரத்துல, "நான் பார்க்கல, கையெழுத்து போடமாட்டேன்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனுஷன்னு. நேத்து உங்கள்ல ஒருத்தர் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தீங்க. அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். அந்தக் கதையில பாதி பொய். நெஞ்சை நிமிர்த்தினதெல்லாம் அப்புறம். முதல்ல நான் வாய் கூசாம பொய்தான் சொன்னேன்.

அன்னிக்கு நம்ம கிளப்புல புரோ-ஆம். ஒரு தொழில்முறை ஆட்டக்காரரும் மூணு மெம்பரும் சேர்ந்து ஒரு அணியா ஆடுற போட்டி. ஏழாவது குழியில யாராவது ஒரே அடியில பந்தை உள்ள போட்டா ஒரு கார் பரிசு. டீ பக்கத்துல, அதாவது பந்தை வெச்சு அடிக்கிற இடத்துல, சிவப்பு ரிப்பன் கட்டி அதை நிறுத்தியிருந்தாங்க. கார் கம்பெனிக்காரங்க சும்மாவா தருவாங்க? இன்சூரன்ஸ் எடுத்திருந்தாங்க. இன்சூரன்ஸ்காரங்களோட நிபந்தனை என்னன்னா, பந்து குழிக்குள்ள விழறதை ரெண்டு பேர் கண்ணால பார்த்திருக்கணும். ஒருத்தர் அவங்க ஆளு, ஒருத்தர் கிளப் ஆளு. டீயில நிக்கிறவங்க சாட்சி செல்லாது. உங்களுக்குத்தான் தெரியுமே, நம்ம ஏழாவது கிரீன், குழி இருக்கிற அந்தப் புல் திட்டு, மேட்டு மேல இருக்கு. டீயிலிருந்து பார்த்தா கொடியோட மேல் பாதிதான் தெரியும், குழி தெரியாது.

கேமரா வைக்கலியான்னு கேட்பீங்க. வெச்சாங்களே, டீ பக்கத்துல, காரைப் பார்த்து.

கிளப் ஆளு நான். இன்சூரன்ஸ் ஆளு ரமணின்னு மயிலாப்பூர்க்காரர். நாப்பது வயசு, நல்ல மனுஷர், வாழ்க்கையில முதல் தடவையா புல்லைப் பார்க்கிற மாதிரி கிரீனைப் பார்த்துக்கிட்டு வந்தாரு. கிரீன் ஓரத்துல ஒரு பெரிய குடை, ரெண்டு நாற்காலி, ஒரு கூஜா மோர். எங்க வேலை குழியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது. அவ்வளவுதான். இதுக்குப் பெரிய அனுபவமெல்லாம் வேண்டாம், ரெண்டு கண்ணு போதும்.

இப்ப டில்லியைப் பத்திச் சொல்லணும். டில்லிபாபு, அப்ப இருபத்தஞ்சு வயசு, நொச்சிக்குப்பத்துப் பையன். அம்மா கன்னியம்மா லூப் ரோட்டு ஓரத்துல மீன் விக்கிறவங்க. அப்பா இல்ல. அவன் புரோ ஆகி மூணு வருஷம் ஆகியிருந்துச்சு. பெரிய போட்டிகள்ல ஆடணும்னா வெளியூர் போய் தகுதிச் சுற்று ஆடித் தேறணும், தேறினா வருஷம் பூரா ஊர் ஊரா அலையணும். ரெண்டு தடவை போய் ஒரு அடி, ரெண்டு அடியில தவறவிட்டுட்டு வந்தான். கையில இருந்தது கரைஞ்சு போச்சு. அவன் மாமா லோடு ஆட்டோ ஒண்ணு வாங்கி வெச்சு, வந்து ஓட்டுடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு.

முந்தின நாள் சாயந்தரம் என்கிட்ட வந்து, "அண்ணே, நாளைக்கு ஆடிட்டு பையைத் தூக்கிப் பரண்ல போட்டுடப் போறேன். எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடிலண்ணே"ன்னான். அந்தக் கார் கெடச்சா அவன் ஓட்டப் போறதில்ல. வித்துட்டு ஒரு வருஷம் நிம்மதியா ஆடுவான். கெடைக்கலைன்னா லோடு ஆட்டோ. இது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்.

காலையிலிருந்து மதியம் வரைக்கும் ஒரு பந்துகூடக் கொடி கிட்ட வரல. மோர் தீர்ந்துபோச்சு. ரமணி தன்னோட முதுகு வலியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாரு. சொல்லிக்கிட்டே எழுந்து நின்னு, கையில வெச்சிருந்த சின்னக் குடையை ஸ்டிக் மாதிரி பிடிச்சு, "சார், இப்படித்தானே அடிப்பா?"ன்னு ஒரு வீசு வீசினாரு. அவரு குடையைப் பிடிச்சிருந்த லட்சணத்தைப் பார்த்தா, கொசு அடிக்கிறவங்ககூட அதைவிட ஒழுங்காப் பிடிப்பாங்க. எனக்குக் கை அரிக்க ஆரம்பிச்சுது. நம்ம தொழில்ல இருக்கிற வியாதியே இதுதான். கல்யாண வீட்டுல கரண்டி பிடிக்கிறவரைப் பார்த்தாக்கூட இடது கட்டை விரலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லத் தோணும். உங்களுக்கும் வரும், இப்பவே சொல்லிட்டேன்.

அப்பத்தான் டில்லியோட அணி டீக்கு வந்துச்சு. அவனோட மூணு மெம்பரும் முதல்ல அடிச்சாங்க. ஒண்ணு மணல்ல, ஒண்ணு புதர்ல, மூணாவது எங்கன்னு பகவானுக்கே வெளிச்சம். மூணையும் கண்கொட்டாம பார்த்தோம். பார்க்கவே தேவையில்லாத மூணு பந்து. டில்லி அடிக்காம பை பக்கமா திரும்பிப் போனான். காத்து மாறினதால வேற ஸ்டிக் எடுக்கிறான், நேரமாகும்னு நெனச்சேன். "ரமணி சார், ஒரே நிமிஷம்"னு எழுந்தேன். வெயில் அவரு கண்ணுல அடிக்குதேன்னு தோளைப் பிடிச்சுத் திருப்பி நிறுத்தினேன். இப்ப ரெண்டு பேர் முதுகும் டீயையும் குழியையும் பார்த்து. நான் அவரு விரலைக் குடைக்கம்பியில ஒண்ணொண்ணா எடுத்து வெச்சுக்கிட்டிருந்தேன்.

பின்னாடி "டொக்"னு ஒரு சத்தம்.

கொடிக்கம்பத்துல பந்து படுற சத்தம் எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். திரும்பினேன். கிரீன் மேல பந்து இல்ல. ஓடிப் போய்க் குழிக்குள்ள பார்த்தேன். இருந்துச்சு. டில்லி தன் பந்துல பச்சை மையால மீன் கண்ணு மாதிரி ஒரு வட்டம் போட்டு வெப்பான். அந்தக் கண்ணு என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. பந்தாவது பார்த்துச்சேன்னு வெச்சுக்குங்க.

ரமணி கையில குடையோட அப்படியே நின்னாரு. நான் வெச்ச விரல்கூட நகரல, நல்ல மாணவர். மெதுவா கேட்டாரு. "சார்... நாம பார்த்தோமா?"

 சந்தோஷத்துல தலைகால் புரியல எனக்கு. மேட்டு விளிம்புக்கு ஓடி, ரெண்டு கையையும் தூக்கி, "டேய் டில்லி, உள்ள போயிடுச்சுடா!"ன்னு கத்தினேன். அதுவரைக்கும் பொய் இல்ல. அவன் ஸ்டிக்கைப் போட்டுட்டு ஓடி வந்தான். மேட்டு மேல ஏறி, மூச்சு வாங்கிக்கிட்டு என் கையைப் பிடிச்சான்.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்டா!"

முடிஞ்சுது கதை. யோசிச்சுச் சொன்னதில்ல, எதையும் மறைக்கணும்னு சொன்னதுமில்ல. வாயிலிருந்து தானா வந்துச்சு. பந்துதான் உள்ள இருக்கே, அவன் அடிச்ச பந்துதானே, இதுல பார்த்தா என்ன பார்க்காட்டி என்னன்னு உள்ளுக்குள்ள ஒரு வக்கீல் அதுக்குள்ள வாதாட ஆரம்பிச்சுட்டான்.

டில்லி அதோட விட்டிருந்தா பரவாயில்ல. குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "எப்டிண்ணே போச்சு?"ன்னு கேட்டான். "எனக்கு ஒண்ணும் தெர்லண்ணே. கொடியாண்ட போறது தெரிஞ்சுது, அதுக்கப்புறம் காணோம். எப்டி போச்சு?"

நான் ஆரம்பிச்சேன். "ரெண்டு குதிடா. முதல் குதி கொடிக்கு முன்னாடி. ரெண்டாவதுல லேசா இடது பக்கம் திரும்பி, கம்பத்தை உரசிட்டு உள்ள."

"ஆமாம் ஆமாம், ரெண்டு குதி"ன்னு ரமணி தலையாட்டினாரு.

டில்லி அந்த இடத்துலயே உக்காந்துட்டான். முகத்தை மூடிக்கிட்டு அழுதான். அப்புறம் போன் எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். "எம்மா, கார் வந்துச்சும்மா! ஒரே அடிம்மா! அண்ணன் கண்ணால பாத்தாரு. ரெண்டு குதியாம், திரும்பினு போயி உள்ள உயுந்துச்சாம்!" அந்தப் பக்கம் கன்னியம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டுது. அந்தச் சத்தத்துக்குள்ள மீன்காரங்க நாலு பேர் கூவுறதும் கேட்டுது.

அடுத்த ஒரு மணி நேரம் எப்படிப் போச்சுன்னு கேளுங்க. பரிசு கொடுக்கிற பந்தலுக்கு வந்தா, கிளப் கேப்டன் அறிவிக்கிறதுக்கு மைக்கைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஆளாளுக்கு வந்து, "எப்படிப் போச்சு புரோ?"ன்னு கேட்கிறாங்க. நான் ரெண்டு குதியைச் சொல்றேன். டில்லி பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்கிறான். நான் ஏதாவது ஒண்ணை விட்டுட்டா, "கம்பத்த உரசுனத சொல்லுங்கண்ணே"ன்னு எடுத்துக் கொடுக்கிறான். அந்தப் பக்கம் ரமணி வாயில அது நாலு குதி ஆயிடுச்சு. பாவம், அவருக்குக் குதியோட விலை தெரியல.

அவன் மூஞ்சியை என்னால பார்க்க முடியல. காருக்காக இல்ல. அவன் வாழ்க்கையில அடிச்ச அடியிலேயே நல்ல அடி அது. அவனே அதைப் பார்க்கல. என் வாய் வழியாத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். நான் காட்டினதோ நானா கட்டிவிட்ட கதை.

அப்ப படிவம் வந்துச்சு. "பந்து குழிக்குள் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்"னு ஒரு வரி, கீழே கையெழுத்து. வெறும் கையெழுத்துன்னா போட்டுத் தொலைச்சிருப்பேனோ என்னவோ. அதுக்கும் கீழ கிரீன் படம் ஒண்ணு வட்டமா வரைஞ்சிருந்துச்சு. பந்து எங்க விழுந்துச்சு, எந்த வழியா உருண்டுச்சுன்னு குறிச்சுக் காட்டணும். டில்லி போனைக் கையில எடுத்துக்கிட்டான். "அண்ணே, அந்த ரெண்டு குதியையும் கரெக்டா வரைங்கண்ணே. நான் போட்டோ எடுத்து வூட்ல மாட்டணும்."

பேனாவைப் படத்து மேல வெச்சேன். நகரல. "இருடா, இடத்தைப் பார்த்துட்டு வந்து சரியா வரையறேன்"னு சொல்லிட்டு, படிவத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு ஏழாவது கிரீனுக்கு நடந்தேன். 

பந்து விழுந்தா புல்லுல சின்னப் பள்ளம் விழும் இல்லையா, அதைத் தேடினேன். காலையிலிருந்து அத்தனை பேர் ஆடியிருக்காங்க. ஒம்போது பள்ளம் இருந்துச்சு. எது டில்லியோடதுன்னு எப்படிச் சொல்றது? குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தப்ப ஒரு வண்டி வந்து நின்னுது. நம்ம தலைமை புரோ.

அவரைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஸ்காட்லாந்துக்காரர். முப்பத்து நாலு வயசு, எனக்கு அப்ப அம்பத்தெட்டு. இருந்தாலும் அவருதான் எனக்கு மேல. அவங்க அப்பாவும் அங்க ஒரு சின்ன ஊர்ல கிளப் புரோவாம். பொறந்ததிலிருந்து கையுறை, கடை, மழை இது மூணைத்தான் பார்த்திருக்காரு. நம்ம ஊர் வெயிலுக்குப் பயந்து முகம் பூரா வெள்ளைக் கிரீமை அப்பிக்கிட்டு வருவாரு, புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவர் நடந்து வர்ற மாதிரி. தமிழை, மெம்பருங்களோட பை தூக்குற ஆளுங்ககிட்ட கத்துக்கிட்டாரு. ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் மெம்பர்கிட்ட போய், "இன்னா நைனா, சோக்கா கீறியா?"ன்னு கேட்டவரு அவரு. ஜட்ஜ் ஐயா ரெண்டு நாள் சாப்பிடலைன்னு கேள்வி.

"மாமா, இன்னா தேடிகினு கீற?"ன்னாரு.

"ரெண்டு குதியை."

அவரு வண்டியை விட்டு இறங்கி என் மூஞ்சியைப் பார்த்தாரு. சொல்லிட்டேன். குடை, ரமணியோட கட்டை விரல், "டொக்", எல்லாத்தையும். சொல்லும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவரு ஏசுவாருன்னு பார்த்தேன். மணல் குழி ஓரத்துல உக்காந்து கொஞ்ச நேரம் ஷூவுல இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டிருந்தாரு. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"யார்கிட்ட மொதல்ல சொல்லப் போற?"

"கேப்டன்கிட்ட. மைக் பிடிக்கிறதுக்கு முன்னாடி."

"இல்ல மாமா. டில்லிகிட்ட மொதல்ல. மைக்கு கடைசி."

அவ்வளவுதான் அவரு சொன்னது. இதை எழுதி வெச்சுக்குங்க. தப்பு பண்ணினா மேலதிகாரிகிட்ட ஓடிப் போய்ச் சொல்றது நம்மளைக் காப்பாத்திக்கிற வழி. யாருக்கு வலிக்கப் போகுதோ அவங்க அதை மைக்ல கேட்கக் கூடாது. எனக்கு அந்த வயசுல அது தெரியல, அந்தச் சுண்ணாம்பு மூஞ்சிக்குத் தெரிஞ்சுது.

டில்லியை, கிளப்புல பந்து, ஸ்டிக் விக்கிற நம்ம கடைக்குப் பின்னாடி, பழைய பையெல்லாம் போட்டு வெச்சிருக்கிற ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வெளியில சாப்பாட்டுத் தட்டுச் சத்தம். "டில்லி, நான் பாக்கலடா"ன்னேன். அவனுக்குப் புரியல, சிரிச்சான். திரும்பவும் சொன்னேன். ரமணியும் பார்க்கல, என்னாலதான் பார்க்கலன்னு சொன்னேன்.

"அப்ப அந்த ரெண்டு குதி?"ன்னான்.

"நான் விட்ட கதைடா."

"கம்பத்த உரசுனது?"

"சத்தம் கேட்டுது. அது மட்டும் நிஜம்."

அவனுக்குக் கோவம் அப்பத்தான் வந்துச்சு. அவன் என்கிட்ட குரல் உசத்தினது அந்த ஒரு தடவைதான். "ஏண்ணே இத இப்ப வந்து சொல்றீங்க? கையெழுத்த போட்டுட்டு வூட்டுக்குப் போயி அயுதிருக்கலாம்ல? பந்து உள்ள கீதா இல்லியா? நான் தான அடிச்சேன்? போடுங்கண்ணே கையெழுத்த!"

  படிவத்தை எடுத்துப் பழைய பை மேல விரிச்சேன். அவன் வெடுக்குனு பேனாவைப் பிடுங்கினான். "நீங்க வரைய வேணாம். குதிய நான் வரையறேன், கையெழுத்து மட்டும் போடுங்க." குனிஞ்சு, பேனாவை அந்த வட்டத்துக்குள்ள வெச்சான். கொடிக்கு முன்னாடி வெச்சான். எடுத்து பின்னாடி வெச்சான். இடது பக்கம் கொண்டுபோனான். ஒரு புள்ளிகூட விழல. பன்னெண்டு வயசுல புரோ ஆகணும்னு ஆரம்பிச்சதிலிருந்து தன்னோட ஸ்கோரைத் தானே எழுதின கை அது. புதருக்குள்ள யாரும் பார்க்காத இடத்துல பந்து அசைஞ்சா, தனக்குத்தானே ஒரு அடி கூட்டி எழுதின கை.

பேனாவை வெச்சுட்டான். "எங்க வெக்கிறதுன்னு தெர்லண்ணே"ன்னான். அப்புறம் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "நேராவேகூட போயிருக்கும்ல?"ன்னு கேட்டான்.

"போயிருக்கும்டா."

"நல்ல அடிண்ணே அது. கைல தெரிஞ்சுது."

இப்ப சொல்லுங்க, அந்தக் காரை வேண்டாம்னு சொன்னது யாரு? நானா? எனக்குப் பட்டம் கொடுக்கிறவங்க அந்த ரூமுக்குள்ள இல்ல.

கேப்டன்கிட்ட சொன்னோம். கேப்டன் முதல்ல சிரிச்சாரு, அப்புறம் சிவந்தாரு, அப்புறம் மைக்கைக் கீழ வெச்சாரு. ஸ்கோர் அட்டையில ஒண்ணுன்னு எழுதிக்க எந்தத் தடையும் இல்ல, ஒரே அடியில போட்ட ஹோல் இன் ஒன், அது டில்லியோடதுதான். காருக்குத்தான் கண் சாட்சி வேணும். ரிப்பனைக் கழட்டி அதை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ரமணி மேல தப்பு இல்ல, நான்தான் அவரைப் பிடிச்சுத் திருப்பினேன்னு அவரு ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். அவரை வெளி வேலையிலிருந்து எடுத்து ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க. "நிம்மதியா ஒரே இடத்துல உக்காந்துண்டு இருக்கேன் சார், ஆத்துலயும் சந்தோஷம்"னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை என்கிட்ட கத்துக்க வந்தாரு. முதுகு வலி அப்படியேதான் இருக்கு, விரல் மட்டும் சரியா வெக்கிறாரு.

டில்லி லோடு ஆட்டோதான் ஓட்டினான். ரெண்டு வருஷம். விடியக்காலையில வந்து பந்து அடிப்பான், ஏழு மணிக்குப் போயிடுவான். மூணாவது வருஷம் தகுதிச் சுற்றுக்குப் போய்த் தேறினான். இன்னிக்கு ஆடிக்கிட்டிருக்கான், நல்லா இருக்கான். ஆனா ஒரு ஆட்டக்காரனுக்கு இருபத்தஞ்சும் இருபத்தாறும் திரும்ப வருமா? அந்த ரெண்டு வருஷம் என்னால போச்சு. 

இதுல உங்களுக்கு ஒரு பாடம் வேணும்னா சொல்றேன், பேனாவை எடுங்க. "குடை பிடிக்கச் சொல்லிக் கொடுக்காதே"ன்னு எழுதாதீங்க. அதை உங்களால நிறுத்த முடியாது. பார்க்கலைன்னா பார்க்கலைன்னு முதல் வாயிலேயே சொல்லிடுங்க. அந்த மேட்டு மேல மூச்சு வாங்கிக்கிட்டு வந்து அவன் கேட்டப்பவே சொல்லியிருந்தா, அவனுக்குப் போனது ஒரு கார். ஒரு மணி நேரம் கழிச்சுச் சொன்னதால, காரும் போச்சு, அந்த ஒரு மணி நேரமா அவன் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பந்தும் போச்சு.

அன்னிக்குச் சாயந்தரம் நான் நேரா மந்தைவெளிக்கு, வீட்டுக்குப் போகல. லூப் ரோட்டுக்குப் போனேன். டில்லி போன்ல "கார் இல்லம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு எங்கயோ போய் உக்காந்துட்டான். கன்னியம்மா மீன் பலகைக்குப் பின்னாடி உக்காந்திருந்தாங்க. பலகை காலி. மதியம் சேதி கேட்ட சந்தோஷத்துல, இருந்த வஞ்சிரத்தையெல்லாம் துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுத்துட்டாங்களாம். பக்கத்துல இருந்த அம்மா சொன்னாங்க.

"வா புரோ, குந்து. இன்னா மூஞ்சி தொங்கிகினு கீது? எம்புள்ளைக்கு இன்னாதான் ஆச்சு?"

நான் உக்காரல. நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். ரமணிக்கு விரல் வெச்சதை ஒண்ணு விடாம சொன்னேன். சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாரும் கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. நல்லா நாலு திட்டு விழும், விழட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். கன்னியம்மா திட்டல. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டாங்க.

"அந்தப் பந்து குயிக்குள்ள போனது நெசமா?"

"நிஜம்மா."

"அத்த அடிச்சது எம்புள்ள தான, அது நெசமா?"

"நிஜம்."

"நீ பாக்கலன்றது?"

"அதுவும் நிஜம்தாம்மா."

 அப்புறம் கேட்டாங்க. "மூணு நெசத்தையும் ஒண்ணா சேத்து வெச்சா, ஒரு காரு குடுக்க முடிலியா அவுங்களால?"

கோல்ஃப் விதிப் புத்தகத்தை நான் முப்பத்தெட்டு வருஷம் தலைமாட்டுல வெச்சுத் தூங்கினவன். அன்னிக்கு அந்தக் காலிப் பலகை முன்னாடி நின்னேன், ஒரு பதிலும் வரல. இன்னிக்கும் இல்ல. உங்களுக்கு எப்பவாவது அதுக்குப் பதில் கெடச்சா, என்கிட்ட வர வேண்டாம். நேரா நொச்சிக்குப்பம் போய் அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, இன்னும் அவங்க அதே இடத்துலதான் உக்காந்திருக்காங்க.